புங்கமரத்தடியில் முந்நூறு சூரியன்

சூலூர்
18.2.1996

அன்பு மகள் பொற்கொடிக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் உடம்பு எப்படி இருக்கிறது, டெல்லிக் குளிர் விட்டதா இல்லையா என்று மறக்காமல் எழுது. ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து வந்து வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுக்காதே, ரெண்டு வாய் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படு. அப்பாவுக்கு இருமல் தேவலை. தறிக்குப் பாதி நாள் கரண்ட் இல்லை, இருக்கிற பாதி நாளில் நூல் இல்லை. வெள்ளைக் கோழி பதினொரு குஞ்சு பொரித்தது, பருந்து ரெண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், கோபத்தில் கண்டபடி எழுதிவிடுவேன் என்று நாலு நாள் ஆறப்போட்டேன். ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன், நீயும் அப்படியே படித்துக்கொள்.

முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டுவிடு அம்மா, ஒரு போட்டோவுக்காகப் பன்னிரண்டு வருஷ வேலையைக் கெடுத்துக்கொள்வாயா, அப்பாவின் தறியும் முதலாளியின் தம்பி ஷெட்டில்தானே இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடுகிற பயத்தில் அப்பா உன்னிடம் எதைச் சொன்னாரோ, எதை விட்டாரோ. நான் முதலிலிருந்து சொல்கிறேன், கேட்டுவிட்டு அப்புறம் எனக்குப் புத்தி சொல்லு.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம். எங்கள் முதலாளி ஈஸ்வரமூர்த்தி முந்தின நாளே பேக்கரியிலும் சலூனிலும் பஸ் ஸ்டாண்டிலும் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார், நாளைக்கு கிரகணம் உட்டுத் தலைக்குத் தண்ணி ஊத்துன பொறகுதான் ஸ்டூடியோ தெறப்பேனுங்க, அது வரைக்கும் சன்னலக்கூடத் தெறக்க மாட்டேன் என்று. நானும் வீட்டில்தான் இருந்திருப்பேன். ஆனால் தீபாவளி அவசரத்தில் கழுவின பிரிண்டுகளைத் தொட்டித் தண்ணீரிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். ரொம்ப நேரம் ஊறினால் பேப்பரின் மேல்பூச்சு வழன்றுவிடும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அத்தனை பேர் முகமும் தோலுரிந்து போய்விடும். காலையில் திறந்து கூட்டுவது நான்தான் என்பதால் சாவியும் என்னிடமே இருந்தது. எட்டு மணிக்குப் போய்ப் பிரிண்டுகளை எடுத்துக் காயப்போட்டேன், வந்த கையோடு வாசலையும் கூட்டிவிடலாம் என்று விளக்குமாற்றை எடுத்தேன். ரோட்டில் ஈ காக்கை இல்லை. வெயில் இருக்கிறது, ஆனால் வெயில் மாதிரியே இல்லை, யாரோ விளக்கைத் தணித்தது போல இருந்தது. வாசல் புங்கமரத்து நிழலில் எப்போதும் வெளிச்சம் வட்ட வட்டமாகக் கிடக்குமே, அன்றைக்கு ஒன்றுகூட வட்டமாக இல்லை. எல்லாம் தேங்காய்ப் பத்தை. பெரிசும் சின்னதுமாக வாசல் முழுக்கத் தேங்காய்ப் பத்தை, எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தன. பைத்தியக்காரி மாதிரி அதைக் கூட்டிப் பார்த்தேன், விளக்குமாற்றின் மேலேயும் ஏறிக்கொண்டது.

வானத்தைப் பார்த்தால் கண் போய்விடும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள், நான் பார்க்கவே இல்லை. உள்ளே ஓடிப்போய் பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னால் கட்டுகிற வெள்ளைத் திரையைக் கொண்டுவந்து மரத்துக்கு எதிர்ச்சுவரில் ஆணியில் மாட்டினேன். மண்ணில் மங்கலாகத் தெரிந்தது துணியில் பளிச்சென்று விழுந்தது. யாஷிகா கேமராவில் பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த ரோலில் மூன்று படம் பாக்கி இருந்தது எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷமாக ஃபிலிம் போடுவது நான், லைட் வைப்பது நான், தாடையைத் தூக்குங்க கண்ணு என்று சொல்வது நான், கழுவுவது நான், கன்னத்துக்குக் கலர் தீட்டுவதும் நான். பட்டனை அமுக்குவது மட்டும் முதலாளி. அன்றைக்கு அதையும் நானே அமுக்கினேன். மூன்று தடவை அமுக்கினேன். பிறகு பிரிண்டில் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், முந்நூறு வரைக்கும் எண்ணினேன், அதற்கு மேல் கண் வலித்தது.

ரெண்டு நாள் கழித்துக் கழுவிக் காட்டினால் முதலாளி நெகட்டிவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்ன பாவாத்தா, ஃபிலிம்ல பூஞ்சை புடிச்சுபோச்சா, தண்ணி சொட்டு உளுந்துபோச்சா என்றார். கிரகணத்துச் சூரியனுங்க, மரத்தடியில எடுத்தேனுங்க என்றேன். மூணு ஃபிலிமு தண்டம், வெட்டி எறி என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். வெட்டினேன், எறியவில்லை. மார்கழியில், கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் கிரகணப் படங்களைக் கண்காட்சி வைக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்துவிட்டு, அந்த நெகட்டிவ எறிஞ்சுபோட்டியா வெச்சிருக்கியா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பெரிசாகப் பிரிண்ட் போடச் சொன்னார், நான்தான் போட்டேன். இடது மூலையில் என் விளக்குமாறு சாய்ந்திருந்தது, அதை மறைத்துப் போடச் சொன்னார், மறைத்தேன். கடை ஷோகேஸில் வைப்பதற்கு என்று நினைத்துக்கொண்டேன் கண்ணு. தை மாசம் பேப்பரில் முதல் பரிசு என்று படத்தோடு வந்தது, கீழே ஈஸ்வரமூர்த்தி, சூலூர் என்று போட்டிருந்தது. அவரே என்னிடமும் கொண்டுவந்து காட்டினார், நம்ம ஸ்டூடியோ பேரைப் பாரு என்று. தான் திருடியதாக அவர் நினைக்கவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருட்டறைக்குள் போய்ச் சிவப்பு லைட்டைப் போட்டுக்கொண்டேன், அந்த லைட் எரிந்தால் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். உட்கார்ந்து அழுதேன். அதுதான் கடைசி அழுகை, அதற்குப் பிறகு நான் அழவில்லை.

பரிசு கொடுக்கிற அன்றைக்குப் படத்தைச் சுமக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடிச் சட்டம் உடையாமல் இருக்க சிங்காநல்லூர் தாண்டி அந்தக் கல்லூரி வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டே போனேன். மேடையில் மாட்ட ஆணி இல்லை என்று என்னையே பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டார்கள். கூட்டத்தில் நாச்சியம்மாள் என்று ஒரு டீச்சர், பெண்கள் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறவர்கள், எழுந்து கேட்டார்கள், இலைகளுக்கு நடுவில் இருக்கிற சந்து மூணு மூலையாகவும் நாலு மூலையாகவும் கோணல் மாணலாகத்தானுங்க இருக்கும், வெளிச்சம் மட்டும் எப்படி அத்தனையும் ஒரே வாட்டத்தில் விழுந்தது என்று. முதலாளி, அது புங்க இலையோட வாட்டமுங்க என்றார். கூட்டத்தில் ஒருத்தர், சூரியனுக்கு மேல்பக்கம் மறைந்திருந்தால் படத்தில் ஏன் கீழ்ப்பக்கம் மறைந்திருக்கிறது, படத்தைத் தலைகீழாகக் காட்டுகிறீர்களா என்றார். முதலாளி திரும்பி என் கையைப் பார்த்தார், நான்தான் சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். பாவாத்தா, திருப்பிப் புடி என்றார்.

நான் திருப்பவில்லை. சரியாத்தானுங்க புடிச்சிருக்கேன் என்றேன். வாய் திறந்த பிறகு மூடவில்லை. எங்கள் ஸ்டூடியோ மூலையில் பழைய பெரிய கேமரா ஒன்று நிற்கிறதுங்க, கருப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் கண்ணாடியில் ஆள் தலைகீழாகத்தான் தெரிவார், இலைச் சந்து ஒவ்வொன்றும் அதே வேலையைத்தான் செய்கிறதுங்க, சந்து எந்த வாட்டத்தில் இருந்தால் என்ன, அந்தப் பக்கம் இருக்கிற சூரியன்தான் இந்தப் பக்கம் விழும், தினமும் மரத்தடியில் விழுகிற வட்டமும் சூரியன்தானுங்க, நாம்தான் அதை மிதித்துக்கொண்டு போகிறோம் என்றேன். உங்களுக்கு இது எப்படீங்கம்மா தெரியும் என்று டீச்சர் கேட்டார்கள். படத்த எடுத்தது நானுங்க என்றேன். முதலாளி சிரித்துக்கொண்டே, எங்க கடையில கூட்டிப் பெருக்கற பொம்பளைங்க, கேட்டுக் கேட்டு நாலு வார்த்தை கத்துக்கிட்டா என்றார். நெகட்டிவில் இடது மூலையில் என்ற வெளக்குமாறு நிக்குதுங்க, முதலாளி எந்த ஊர்லீங்க வெளக்குமாறு புடிச்சாரு, கிரகணத்தன்னைக்குச் சன்னலையே தெறக்கலீன்னு சூலூரே சொல்லுமுங்க என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவருடைய முகம் சுண்டிப்போனதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலையில் ஒரு தாளை நீட்டினார். படத்தை எடுத்தது முதலாளிதான், நான் பதட்டத்தில் உளறிவிட்டேன் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை, இல்லாவிட்டால் சாவியை வைத்துவிட்டுப் போ என்றார். கேமரா அவருடையது, ஃபிலிம் அவருடையது, ஒத்துக்கொள்கிறேன். அடுப்பும் சட்டியும் அவர் வீட்டுடையது என்பதற்காகச் சோறு ஆக்கியது அவர் ஆகிவிடுவாரா? சாவியை வைத்தேன். நெகட்டிவைக் கொடுக்கவில்லை. பிரிண்ட் போட்ட அன்றே அதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எறியச் சொன்ன பொருள், எறியாமல் எடுத்து வைத்தவளுக்குத்தான் சொந்தம். அதைத்தான் போன வாரம் நாச்சியம்மாள் டீச்சருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், பரிசு எனக்கு வேண்டாம், பெயரை மாற்றிப் போட்டால் போதும் என்று ஒரு கடிதமும் வைத்தேன்.

இந்த வயதில் உனக்கு வானம் பூமி எல்லாம் எதற்கம்மா என்று கேட்டிருக்கிறாய் பார், அதுதான் மன்னிப்புக் கேள் என்றதைவிடச் சுட்டது. டெல்லியில் சூரியனைக் கிட்டத்தட்ட முழுசாக மறைத்ததாமே, நீ போர்வையை இழுத்து மூடித் தூங்கினேன் என்று எழுதினாயே, உன்னைப் பெற்றதற்கு நான் என்ன செய்ய? சந்திரனில் ஆள் நிற்கிற படத்தில் நட்சத்திரமே இல்லை, அதெல்லாம் ஸ்டூடியோவில் எடுத்ததுங்க என்று பேக்கரியில் பேசிக்கொள்கிறார்கள். ஸ்டூடியோவைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம். மணப்பெண் முகத்துக்கு வெளிச்சம் சரியாக வைத்தால் பின்னால் இருக்கிற சீரியல் பல்பு படத்தில் விழாது, அங்கேயும் அதேதான், வெள்ளைச் சட்டை போட்ட ஆளுக்கு வெளிச்சத்தை அளந்து வைத்தால் நட்சத்திரம் எங்கே விழும். எனக்குத் தெரியாததும் இருக்கிறது. பத்திரிகையில், நட்சத்திரங்களுக்கு நடுவில் இருக்கிற மேகம் என்று ஒரு படம் வந்தது, ரத்தச் சிவப்பு. அந்தச் சிவப்பு நேரில் பார்த்தாலும் தெரியுமா, அல்லது நான் கன்னத்துக்குத் தீட்டுகிற மாதிரி அங்கேயும் யாராவது உட்கார்ந்து தீட்டுகிறார்களா? அங்கே பெரிய லைப்ரரி இருக்குமே, விசாரித்து எழுது. இதற்குப் பதில் எழுதினால்தான் என் கோபம் பாதியாவது குறையும்.

இப்போது அப்பா விஷயம். பத்து நாளாக அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை, சோற்றைப் போட்டால் சாப்பிட்டார், அவ்வளவுதான். ஷெட்டில் முதலாளியின் தம்பி, ஏனுங்க மாரப்பா, உங்க ஊட்டுல எடுத்துச் சொல்ல மாட்டீங்களா, தறிய எடுத்துக்கச் சொல்ற மாதிரி வெச்சுக்காதீங்க என்று தினமும் ஆரம்பித்தாராம். நேற்றுச் சாயங்காலம் அப்பா தறியை நிறுத்திவிட்டு, என்ற ஊட்டுக்காரி எடுத்ததை அவதானுங்க எடுத்தேன்னு சொல்லுவா, பொறகு ஊர்க்காரங்களா வந்து சொல்லுவாங்க, தறிய எடுக்கறதா இருந்தா நாள் சொல்லுங்க, ஆளக் கூட்டியாரேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை கண்ணு, பக்கத்துத் தறிக்காரர் வந்து சொன்னார். உன் அப்பா அப்படிப் பேசுவார் என்று கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்தில் எனக்குத் தெரியாது. தறியை எடுக்கச் சொல்வார்களா மாட்டார்களா என்று இன்னும் தெரியவில்லை. சிங்காநல்லூரில் ஸ்டூடியோ வைத்திருக்கிற அப்துல் மஜீத் பாய் பிரிண்ட் கழுவ வரச் சொல்லி ஆள் அனுப்பினார். கேமரா கொடுத்தால் வருகிறேன், கழுவ மட்டும் என்றால் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை, வராமலும் போகலாம். கிடைத்த வேலையை விடுகிறாளே என்று நீ தலையில் அடித்துக்கொள்வாய், அடித்துக்கொள்.

நீ பயந்து எழுதியது எங்கள் மேல் இருக்கிற பாசத்தில்தான், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நீ டெல்லியில் ஒரு ஊசியைச் சரியாகப் போட்டுவிட்டு, அதை வேறு ஒருத்தி நான் போட்டேன் என்று சொன்னால் பேசாமல் இருப்பாயா? இருப்பாய் என்றால் நான் உன்னை வளர்த்தது தப்பு. நீ நல்ல பேரோடு நூறு வயசு இருக்க வேண்டும் தங்கம், அந்தப் பேர் உன்னுடையதாக இருக்க வேண்டும். ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துவிடாதே, பங்குனி வரைக்கும் போட்டுக்கொள். தலைக்கு எண்ணெய் வை. இதற்குப் பதில் எழுதும்போது கவரின் மேல் அப்பா பேரைப் போட்டு, கேர் ஆஃப் ஸ்டூடியோ என்று போடாதே, வீட்டு விலாசத்துக்கு என் பேரைப் போட்டே எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா,
கிரகணத்தைப் படம் எடுத்த பாவாத்தாள்