லாவெண்டருக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். லாவெண்டர் தொட்டியை ஜன்னல் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்தியாயிற்று. நோஞ்சான் செடி, ஈரம் ஆகாது. நர்சரிக்காரர், தண்ணீர் அதிகம் ஊற்றாதீர்கள் என்று கன்னடத்தில் படித்துப் படித்துச் சொன்னார்: "ஜாஸ்தி நீரு ஹாக்பேடி மேடம்." நானும் ஒரு சொட்டு ஊற்றவில்லை. இருந்தும் மண் சொதசொத. அடி இலையெல்லாம் பழுப்பு.

யாரோ ஊற்றுகிறார்கள்.

வாங்க வேண்டியவை: கரடு மணல், பூனைக்கு மீன் தலை.

மார்பில் சோதனைக்கு எடுத்த சதைக்கு ரிசல்ட் வெள்ளிக்கிழமை. அதைப் பற்றி எழுதுவதாக இல்லை.

ஜூலை 9, புதன்

மாடி வீட்டு ஏ.சி. தண்ணீரோ? இந்தக் குளிரில் யார் போடுவார்கள். தள்ளுபடி.

இவரோ? செடி ஒன்று இருப்பதே இவருக்குத் தெரியாது.

மிச்சம் ஃபிலோ. இவர் தங்கை. எனக்குத் துணை என்று ஜீவனஹள்ளியிலிருந்து பெட்டியோடு வந்தவள். வந்ததிலிருந்துதான் இந்த ஈரம். ரோஜா வைக்கிற இடத்தில் இது எதற்கு என்று வந்த அன்றைக்கே கேட்டாள்.

"மண்ணு ஏன் ஈரமா இருக்கு ஃபிலோ?"

"மழைதானே அண்ணி."

என் முகத்தைப் பார்க்கவில்லை. கள்ளி.

ஜூலை 10, வியாழன்

ஃபிலோ காலைப் பூசை முடிந்து வரும் நேரம். திரைக்குப் பின்னால் நின்றேன். வெட்கம்தான்.

வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே தொட்டியிடம். பையிலிருந்து பாட்டில். சிலுவை போட்டுக்கொண்டு முழுவதையும் கவிழ்த்தாள். மாதா கோவில் தீர்த்தம்!

கதவைத் திறந்தேன். "என்ன பண்றே?"

"நீங்கதானே அண்ணி போன்ல சொன்னீங்க, இந்தச் செடி தேறினா நானும் தேறிடுவேன்னு." அழுதாள். "உங்க மேல தெளிச்சா திட்டுவீங்க. அதான்."

சொன்னேனா? சொல்லியிருப்பேன், யாரிடமாவது விளையாட்டாக. திட்ட வாய் வரவில்லை. இவளைப் போய் என்னவெல்லாம் நினைத்தேன்.

ஜூலை 11, வெள்ளி

லேசாக வெயில். ஃபிலோ குளிக்கப் போனதும் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். வேர் கறுத்துக் கூழாகிவிட்டது. பிழைக்காது. திரும்ப மண்ணைப் போட்டு மூடி வைத்தேன்.

பயமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ சொல்லியாயிற்று. ஃபிலோ பாட்டிலோடு வந்து நின்றாள். "செடி எப்படி இருக்கு அண்ணி?"

"தேறிடும்."

தொட்டிப் பக்கம் திரும்பினாள். "அதுக்குப் போதும் ஃபிலோ" என்று பாட்டிலுக்கு நேரே தலையைக் குனிந்து காட்டினேன்.

முடியெல்லாம் ஈரம். ஆட்டோ வந்துவிட்டது.