உள்தாழ்ப்பாள்

பாலக்கரை,
திருச்சிராப்பள்ளி,
12-1-1958

அன்புள்ள அத்தாவுக்கு, மகள் நஜீமா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லோரும் சுகம் என்று முதலில் எழுது, மற்றதைப் பிறகு எழுது என்றார்கள் அம்மா. எழுதிவிட்டேன். நீங்கள் கப்பலேறிய பிறகு பிறந்த நசீராவுக்கு நாலரை வயதாகிறது. உங்கள் போட்டோவுக்குத் தினமும் சலாம் சொல்லிவிட்டுத்தான் பால் குடிக்கிறாள்.

அத்தா, ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வாரம் வந்த உங்கள் கடிதத்துக்குள் ஒரு தாளை மடித்து ஒட்டி, மேலே ‘கமருன்னிசாவுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் வாசிக்கத் தெரியாதே. பக்கத்து வீட்டு ரோஷன் மாமி படித்துக் காட்டுவார் என்று நினைத்திருப்பீர்கள். மாமி மகளின் பிரசவத்துக்கு முசிறி போயிருந்தார். அம்மா இரண்டு நாள் அந்தத் தாளைக் குர்ஆன் வைக்கும் பலகைக்கு அடியிலேயே வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, “நீ மகளாப் படிக்காதே, தபால்காரரா நெனச்சுக்கிட்டுப் படி” என்றார்கள்.

தபால்காரராகத்தான் படித்தேன். கடைச் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் அரிசி மூட்டைகள் சரிந்ததையும், இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டதையும் படித்தேன். முன்பு ‘சிறு காயம்’ என்று எழுதியது எங்களுக்காக என்று புரிந்துகொண்டேன். ‘ஊருக்கு வந்தால் கக்கூஸுக்குக்கூட என்னை ஒருவர் பிடித்துக் கொண்டுபோக வேண்டும். பெரிய பெண் இருக்கிற வீட்டில் அப்படிக் கிடக்க மாட்டேன். இங்கே சுக்கூருடன் கடை மாடியிலேயே இருந்துவிடுகிறேன்’ என்று எழுதிய இடத்தில் மட்டும் தபால்காரர் தாளை மடியில் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா அரிசி களைவதை நிறுத்தவில்லை. களைந்து முடித்து, அந்த ஒரு வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் எனக்கு ஒன்று தோன்றியது. நீங்கள் வராததற்குக் காரணம் நம் வீட்டுக் கொல்லைப்புறம் என்றால், மாற்ற வேண்டியது கொல்லைப்புறத்தைத்தானே?

மறுநாள் இடது காலை மடக்கித் தாவணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு மூங்கிலை ஊன்றி, கக்கூஸும் குளிக்கும் இடமும் சேர்ந்த கொல்லை அறைக்குப் போய்ப் பார்த்தேன். நிலைப்படி ஒன்பது அங்குலம். கதவு உள்பக்கம் திறக்கிறது; உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் கதவு அவர் மேலேயே இடிக்கும். தரைக் கல் வழவழப்பு. தண்ணீர்த் தொட்டி தாழ்வு, குனிந்துதான் மொள்ள வேண்டும். கக்கூஸில் இரண்டு காலாலும் குந்தினால்தான் உண்டு. இதையெல்லாம் நோட்டில் குறிப்பதற்கு முன் வழுக்கி விழுந்துவிட்டேன். அம்மா ஓடிவந்து, “ஒருத்தருக்குக் கால் போனது பத்தாதா?” என்று முதுகில் ஒன்று வைத்தார்கள். பிறகு அவர்களே எண்ணெய் தடவிவிட்டார்கள்.

விழுந்து கிடந்தபோதுதான் ஒன்றைப் பார்த்தேன். சுவர் வெள்ளையில் இரண்டு இடத்தில் அழுக்குப் படிந்திருக்கிறது. மேலே இருப்பது அம்மாவின் உள்ளங்கை. முழங்கால் வலிக்குத் தினமும் அங்கேதான் பிடித்து எழுந்திருக்கிறார்கள். ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கீழே இருப்பது நசீராவின் கை. அப்படியானால் இந்த அறை இரண்டு கால் உள்ளவர்களுக்கும் சரியில்லை அத்தா.

சுக்கூர் மாமாவிடம் டேப் கொடுத்து இரண்டு அளவு எடுக்கச் சொல்லுங்கள்: நின்றால் தரையிலிருந்து முழங்கை வரை, நாற்காலியில் உட்கார்ந்தால் தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை. அங்குலத்தில் எழுதுங்கள்.

உங்கள் துஆவை வேண்டும் மகள்,
நஜீமா

*

பாலக்கரை,
2-3-1958

அன்புள்ள அத்தாவுக்கு, நஜீமாவின் சலாம்.

நீங்கள் அளவு அனுப்பவில்லை. கடிதமும் அனுப்பவில்லை. உங்களுக்குக் கோபம் என்று நான் அழுதேன். அம்மா அழவில்லை. என்னைக் கதவருகே கூட்டிப்போய், கொஞ்சமும் யோசிக்காமல் இரண்டு இடத்தைத் தொட்டு, “இங்க அவர் தோள் வரும், இங்க முழங்கை” என்றார்கள். ஐந்து வருஷமாகிவிட்டதே, எப்படித் தெரியும் என்று கேட்டேன். போய் அளவெடுக்கிற வேலையைப் பார் என்று சொல்லிவிட்டார்கள். முழங்கை வரும் இடம் நாற்பத்திரண்டு அங்குலம் இருந்தது.

வேலைக்கு வந்தவர் வரகனேரி விக்டர் கொத்தனார். கிராப் தாளில் நான் போட்டிருந்த படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “எத்தனையோ பங்களா கட்டியிருக்கேன் பாப்பா, கக்கூஸுக்குப் படம் போட்டுக் குடுத்தவங்க நீங்க ஒருத்தர்தான்” என்றார். சிரித்தாலும் வேலையை விளையாட்டாகச் செய்யவில்லை. நிலைப்படியை எடுத்துவிட்டுச் சரிவாகத் தளம் போட்டார். கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினார். தரை வழுக்கக் கூடாது என்றதும், ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறையைப் போய்ப் பார்க்கச் சொன்னார். அம்மாவும் நானும் பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். உளியால் கொத்தி விட்டிருக்கிற படியில் வயதானவர்கள் ஈரக் காலோடு நின்று புடவை பிழிகிறார்கள், ஒருவரும் வழுக்கவில்லை. அதே மாதிரி நம் தரைக் கல்லையும் கொத்தச் சொன்னோம்.

கக்கூஸில் பழைய மிதிகல்லுக்குப் பதிலாகப் பதினெட்டு அங்குல உயரத்தில் மேடை கட்டி, நடுவில் துளை விட்ட தேக்குப் பலகை பொருத்தினோம். நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம். நசீராவுக்காக முன்னால் ஒரு படி, வேண்டாதபோது தள்ளி வைக்கலாம். மேடை கட்டும்போது பின்சந்திலிருந்து குரல் கேட்டது. தினமும் கக்கூஸ் வாளியை எடுக்க வரும் காளியாயி, அதற்கென்று பின்சுவரில் இருக்கும் சின்னக் கதவு வழியே எட்டிப் பார்த்து, “ஒசத்தித்தான் கட்டுறீங்க, இந்தக் கதவையும் ஒசத்தி வச்சா என் இடுப்பும் தப்பிக்கும்ல” என்றார். என் படத்தில் அந்தக் கதவே இல்லை. இத்தனை வருஷத்தில் அவரோடு நான் பேசியது அன்றுதான் முதல் தடவை. கதவை உயர்த்திப் பெரிதாக்கிவிட்டோம். அவருடைய வேலையை என்னால் மாற்ற முடியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது.

இனி என் முட்டாள்தனத்தைக் கேளுங்கள். கழுவுவதற்கு இடது கை வேண்டும், அதனால் பிடிமானம் வலது பக்கம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, வலது கைக்குச் சுவர் வரும்படி மேடையைத் திருப்பிக் கட்டச் சொல்லி, அந்தச் சுவரில் கம்பியும் பதித்தாகிவிட்டது. முசிறியிலிருந்து திரும்பிய ரோஷன் மாமி பார்க்க வந்தார். வாசலில் நின்றார். மேடையைப் பார்த்தார். சூரியன் இறங்குகிற பக்கம் பார்த்தார். “அடி படிச்ச புள்ளே! கிப்லாவப் பாத்தா உக்கார வைக்கப் போறே உங்க அத்தாவை?” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மேற்கு அத்தா! தொழுகைக்கு நிற்கிற திசை! பழைய மிதிகல் தெற்கு பார்த்துத்தான் இருந்தது. எனக்குக் கோணமும் அங்குலமும்தான் கண்ணில் நின்றன. விக்டர் கொத்தனாருக்கு அது தெரிய நியாயமில்லை. அம்மா வாயில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்டபோது கொத்தனார், “கட்டினவன் இடிக்கிறதுதான் சுலபம் பாப்பா, ஈரம் காயறதுக்குள்ள சொன்னாங்களே” என்று மாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்தார்.

மேடையைத் தெற்கே திருப்பியதும் சுவர் முதுகுப் பக்கம் போய்விட்டது. வலது பக்கம் வெறும் வெளி. இரண்டு நாள் படம் போட்டுப் போட்டுக் கிழித்தேன். மூன்றாம் நாள் வகுப்பு ஜன்னல் வழியாகக் கொடிக் கம்பத்தைப் பார்த்தபோது பிடிபட்டது. கம்பிக்குச் சுவர் எதற்கு? தரையிலிருந்து உத்திரம் வரை தண்ணீர்க் குழாய் ஒன்றை நட்டு, சிமெண்டில் இறுக்கிவிட்டோம். உட்கார்ந்தால் அது வலது கைக்கு வருகிறது. எழுந்து திரும்பினால் அதே கம்பம் குளிக்கும் இடத்துக்கும் பிடிமானம். பக்கத்தில் உட்கார்ந்து குளிக்க ஒரு கல் மேடையும், உட்கார்ந்தபடியே மொள்ளும் உயரத்தில் தொட்டியும் இருக்கின்றன. நான் சரியாகச் செய்திருந்தால் அந்தக் கம்பம் வந்தே இருக்காது.

முதலில் அதைப் பிடித்து எழுந்தவர் ரோஷன் மாமிதான். “உங்க அத்தாவுக்குன்னு சொல்லி எனக்கில்ல கட்டியிருக்கே” என்கிறார். இப்போது தினமும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி வருகிறார்.

இன்னொரு பாதுகாப்பும் செய்திருக்கிறேன். உள்ளே விழுந்தால் உடனே வந்து தூக்க வேண்டும் அல்லவா? அதனால் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் மகள்,
நஜீமா

*

பாலக்கரை,
6-4-1958

அன்புள்ள அத்தாவுக்கு, நஜீமாவின் சலாம்.

பதினைந்து நோன்பு முடிந்துவிட்டது. உங்கள் கடிதம் வந்தது. நான்கே வரிகள். நசீராவுக்கு முத்தம், அம்மாவுக்கு சலாம், எனக்குப் பரீட்சைக்கு துஆ. நான்காவது வரி: ‘உள்தாழ்ப்பாள் இல்லாத அறைக்குள் நான் எப்படிப் போவேன், மகளே?’

அதைப் படித்துவிட்டு நான் வெகு நேரம் குளிக்கும் அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் விழாமல் இருக்க வேண்டும் என்பதையே நினைத்திருந்தேன். அந்த மடித்து ஒட்டிய தாளில் விழுவதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தபால்காரராகப் படித்ததால் புரியவில்லை போலிருக்கிறது. இந்தத் தடவை மகளாகப் படித்தேன்.

விக்டர் கொத்தனாரை மறுபடி கூப்பிட்டேன். கதையைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. “நியாயம்தானே பாப்பா. நம்ம வேலைய நாமளே பாத்துக்கிட்டாத்தான் மனுசன்” என்று சொல்லிவிட்டு, தெரிந்த ஆசாரியை அழைத்து வந்தார். இப்போது கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டும் உயரம். நீங்கள் போட்டால் போட்டதுதான். வெளிப்பக்கம் ஒரு சின்ன இடுக்கு விட்டிருக்கிறோம். அதில் தகடு ஒன்றை நுழைத்தால் மட்டுமே வெளியிலிருந்து தாழ்ப்பாளைத் தூக்க முடியும். அந்தத் தகட்டை அம்மா தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார்கள். நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தவிர அதைத் தொடுவதில்லை என்றார்கள். நானும் அதைக் கேட்டு வாங்கமாட்டேன். நீங்கள் கொல்லைக்குப் போகும் நேரத்தில் நான் முன்வாசலில் உரக்கப் பாடம் படித்துக்கொண்டிருப்பேன். இது சத்தியம்.

தாழ்ப்பாள் வந்ததும் இன்னொன்றும் நடந்தது. நான் கழற்றியிருந்த அந்த ஒன்றரை மாதமும் அம்மா எல்லோரும் தூங்கிய பிறகுதான் குளித்தார்களாம். எனக்காகச் சொல்லாமல் இருந்தார்கள். நேற்று பகலிலேயே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகக் குளித்தார்கள். தலையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வாசல் வரை கேட்டது. எல்லாப் படத்தையும் நான் போட்டேன். உள்ளே இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று உள்ளே இருப்பவரை ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

இன்று விக்டர் கொத்தனாருக்கு ஈஸ்டர். நோன்பு வீட்டில் சாப்பிடச் சொல்ல முடியாதே என்று, நோன்புக் கஞ்சியைத் தூக்கில் ஊற்றி அவர் வீட்டுக்கு அனுப்பினார்கள் அம்மா.

அத்தா, பெருநாளை முன்னிட்டு வீடு முழுக்க வெள்ளையடித்தாகிவிட்டது. அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, கம்பத்துக்கு எதிர்ச் சுவரில் அம்மாவின் கை பதிந்துவிட்டது. கம்பம் இருந்தாலும் பழக்கம் விடவில்லை. அதற்குக் கீழே நசீராவின் கை. கதவைத் தாண்டியதும் தரையிலிருந்து நாற்பத்திரண்டு அங்குலத்தில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே யாருடைய கையும் படுவதில்லை, வெள்ளை அப்படியே இருக்கிறது. அம்மா தினமும் விளக்குத் துடைக்கும் துணியோடு போய் அந்த இடத்தையும் துடைத்துவிட்டு வருகிறார்கள். தூசி கூட இல்லையே என்றால் கேட்பதில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் வருமாம். சுக்கூர் மாமாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். அல்லாஹ் உங்களுக்குக் கடல் அமைதியைத் தரட்டும். அந்தச் சுவரை வந்து அழுக்காக்குங்கள் அத்தா.

உங்கள் மகள்,
நஜீமா

பி.கு: கீழே கோணலாக இருப்பது நசீராவின் கை. மையில் தோய்த்து அவளே வைத்தாள். இந்தக் கை எட்டும் உயரத்தில் உங்களுக்கும் ஒரு கம்பி வைக்க வேண்டும் என்கிறாள்.