கொடிக்கம்பி

அன்புள்ள அக்கா,

பாப்பாவை அதட்டியதற்கு உனக்குக் கோபம். காரணத்தையாவது படி.

துணை மின்நிலையத்தில் கோளாறு வந்தால் மின்சாரம் மண்ணில் இறங்கி, வேலிக்கும் பரவுமாம். அதை அளக்கும் குழுவில்தான் எனக்கு எடுபிடி வேலை. இன்று சோதனைக்காகக் கொஞ்சம் மின்சாரம் விட்டார்கள். உன் வீட்டுப் பின்புறம், நிலையத்து வேலியை ஒட்டி, இரண்டு உலோகத் தகடுகளை ஓர் எட்டு தள்ளி வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டுக்கும் நடுவே மாட்டிய மீட்டரில் எண் ஏறியது. ஒரே புல்தரை, அக்கா! அதில் இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு மலைச்சரிவு. அடுத்த எட்டு வைக்கவே மனம் வரவில்லை.

வேலியில் கட்டிய உன் கொடிக்கம்பியில் எண் இன்னும் எகிறியது. அந்நேரம் பாப்பா ஈரக்காலோடு அதைப் பிடிக்க வந்தாள். கத்திவிட்டேன்.

"ஊமைக்கோட்டானுக்கு இவ்ளோ குரலா!" என்று இன்ஜினியர் சிரித்தார். "இப்ப ஒண்ணும் ஆகாதும்மா. ஆனா நிஜமா கோளாறு வந்தா, யானையே தாங்காது."

இத்துடன் நைலான் கயிறு இருக்கிறது. கம்பியை அவிழ்த்துவிடு.

"என் பிள்ளைய அதட்ட நீ யாருடி?" என்று கேட்டாயே, அதற்குப் பதில் கீழே.

இப்படிக்கு,
பாப்பாவின் சித்தி