எங்கள் வீட்டுக் கேற்றின் படம்

ஆகஸ்ட் 9

கீதன் இரண்டு நாளாய்ப் போன் எடுக்கவில்லை. பார்த்துப் பார்த்து அலுத்து, வழக்கமாக அவர் ஏற்றும் ஒலி விமர்சனத்தை நேற்று நானே தளத்தில் ஏற்றிவிட்டேன். தளம் அவருடையது, உடப்பிலிருந்து நடத்துகிறார். நான் கற்பிட்டியிலிருந்து ‘சிப்பி’ என்ற பெயரில் வீடியோ கேம்களைப் பற்றிப் பேசுகிறேன். முகமில்லை, ஊரில்லை, குரல் மட்டும்.

கொழும்புக் கம்பனி ஒன்று தன் கேமைப் புகழச் சொல்லி விமர்சகர்களுக்குப் புதுப் போன் கொடுத்தது. கீதனின் முகவரிக்கு வந்ததை அவர் எனக்கு பஸ்ஸில் போட்டு அனுப்பினார். கேமுக்குள் பிள்ளைகள் காசு கட்டி அதிர்ஷ்டப் பெட்டி திறக்கிறார்கள். சூதாட்டம்தான், வேறென்ன? அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பது நிபந்தனை. போனைத் திருப்பி அனுப்பிவிட்டு, விமர்சனத்தில் நிபந்தனையை அப்படியே வாசித்துக் காட்டினேன்.

ஆகஸ்ட் 11

விமர்சனத்துக்குக் கீழே ஒரு கருத்து: “பொம்பிளைக்கு கேம் என்ன தெரியும், போய் மீன் கழுவு.” மீன் கழுவிவிட்டுத்தானப்பா விளையாடவே உட்காருகிறேன்.

அதெல்லாம் பழகிவிட்டது. இன்று வந்த இரண்டுதான் வேறு மாதிரி. ஒருவன், “உங்கட ஆக்களுக்கு எல்லாமே ஹராம்தானே, கேமை மட்டும் விடுவீங்களா?” என்கிறான். இன்னொருவன் நம்மவன்: “முஸ்லிம் பொம்புள புள்ளைட குரல் ஊரெல்லாம் கேக்கணுமா?”

நான் முஸ்லிம் என்று இவர்களுக்கு யார் சொன்னது? பேச்சில் தெரியக்கூடாதென்று செய்தி வாசிப்பவர் மாதிரியல்லவா பேசுகிறேன்.

ஆகஸ்ட் 13

இன்று கருத்துகளில் எங்கள் வாசல் கேற்றின் படம். உம்மா காயப்போட்ட துணிகூடத் தெரிகிறது. கீழே, “வாப்பாட கடைக்கும் வருவம்.”

உம்மாவிடம் மறைக்க முடியவில்லை.

“இது எங்கட கேற்றா மகள்? ஆரு எடுத்த?”

தெரியாது என்றேன். தெரியாதா? தளத்து ஆட்களில் என் முகவரி கீதன் ஒருவரிடம்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 14

கீதன் இன்றுதான் போன் எடுத்தார். கோயில் திருவிழா, தீ மிதிப்பு, அதுதான் போனைத் தொடவில்லையாம். “கொஞ்ச நாளைக்குப் பேசாம இருங்க ஷிஹாரா” என்றார். ஏன் நான் பேசாமல் இருக்க வேண்டும்? அது யாருக்கு வசதி? விமர்சனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை இன்னும் கேட்கவேயில்லையாம். நம்பச் சொல்கிறார்.

ஆகஸ்ட் 15

திருவிழாப் படங்கள் போட்டிருக்கிறார். ஒன்றில் அவர் கையில் போன். புதுப் போன்.

ஆகஸ்ட் 16

கேட்டுவிட்டேன். தனியாக இல்லை, தளத்துக்கு எழுதுகிற எல்லாரும் இருக்கிற குழுவில். “கம்பனி போனுக்கு என் முகவரியைத்தான் விலையாகக் கொடுத்தீங்களா?”

அவர் எழுதுவது தெரிந்தது. நின்றது. திரும்ப எழுதினார். பிறகு குழுவை விட்டுப் போய்விட்டார். மடியில் கனமில்லாதவன் ஏன் ஓடுகிறான்?

ஆகஸ்ட் 19

கடைக்கு யாரோ போன் எடுத்து, மகளின் குரல் நல்லாயிருக்கு என்று வாப்பாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

“நிப்பாட்டு மகள். நமக்கு இது சரிவராது.”

ஏசியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவர் கெஞ்சினார். என்னட்ட இரிக்கிறதே இந்தக் குரல் ஒண்டுதான், அதையும் பறிச்சிட்டா நான் என்ன செய்ய? அழுதுகொண்டு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 22

நிறுத்துவதென்றே முடிவெடுத்து, விமர்சனத்தை நீக்கப் போனேன். கருத்துகளுக்கு அடியில் ஒருவன் எழுதியிருந்தான்: “நாலாவது நிமிசத்துல பின்னால கேளுங்கடா, முகவரியே சொல்றாள்.”

கேட்டேன். நான் அதிர்ஷ்டப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறேன். பின்னால் எங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கி. பக்கத்து வீட்டு றவூப் நானா இறந்த மவுத்து அறிவித்தல். ஊர், ஒழுங்கை, ஜனாஸா எந்த வீட்டிலிருந்து எடுக்கப்படும் என்பது வரைக்கும். எங்கள் ஒழுங்கையில் இருப்பதே மூன்று வீடு.

பிறந்த நாளிலிருந்து கேட்கிற சத்தம். அது ஒலிப்பதிவுக்குள் போகும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

யா அல்லாஹ், நான் என்ன வேலை பார்த்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 23

எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும் திருப்பி எடுத்தேன். பிறகு கீதனுக்குப் போன் எடுத்தேன். அந்தப் புதுப் போன், கட்டாரிலிருந்து அவருடைய மச்சான் கொண்டுவந்ததாம். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

“பாங்கு, அறிவித்தல், மீன்காரன் உங்கட வாப்பாட பேரச் சொல்லிக் கூப்பிடுறது, எல்லாத்தையும் ஒவ்வொரு முறையும் நான்தான் வெட்டுறனான். ரெண்டு வருசமா. இந்த முறை நான் இல்ல, நீங்களே போட்டுட்டீங்க.”

“ஏன் ஒருநாளும் சொல்லல?”

“சொன்னா நீங்க ஜன்னலப் பூட்டிட்டுப் பயந்து பயந்து பேசுவீங்க. உங்கட பேச்சு கெட்டுடும்.”

மன்னிப்புக் கேட்டேன்.

“கோவம் இல்ல ஷிஹாரா. ஆனா இனி சேந்து வேல செய்ய ஏலாது.”

ஆகஸ்ட் 30

பொலிசுக்கு வாப்பாவும் வந்தார். எழுதி எடுத்தார்கள், அவ்வளவுதான். திரும்பி வரும்போது, “ஊருக்கே தெரிஞ்சிட்டு. இனி ஒளிச்சு என்னத்துக்கு? பேசுறண்டா உன்ட பேர்லயே பேசு” என்றார்.

செப்டம்பர் 14

என்னுடைய சொந்தப் பக்கத்தில் முதல் விமர்சனம். பேசியவர்: ஷிஹாரா ஹாசிம். ஏசுகிறவர்கள் பத்து நிமிடத்தில் வந்துவிட்டார்கள்.

ஒலித் திருத்தம் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போடட்டுமா, நீங்கள் வெட்டிய பழைய பதிவுகளைக் கேட்டுத்தானே நானும் வெட்டப் பழகினேன் என்று கீதனுக்கு எழுதிக் கேட்டிருந்தேன்.

“வேணாம்” என்று பதில் வந்தது.