கீழே இருந்து வந்த பாட்டு

ஸ்பானியருக்குக் கப்பல் கட்டும் கவித்தே துறையில் மரம் இழுக்கும் என் தம்பி பிலாக்குக்கு, அக்கா அமிஹான் மலைமேல் இருந்து எழுதுவது. நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உன் பெண்டாட்டி இலாயாவும் பிள்ளைகள் இருவரும் என்னோடுதான். சின்னவள் உன்னை மாதிரியே, சாப்பாட்டுக்கு மட்டும் முதல் ஆளாக எழுந்துவிடுகிறாள்.

இந்தத் தாள் பாதிரியார் வீட்டில் கிடந்தது. அவர் படகேறிப் போய்விட்டார். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஆத்தா கற்றுக்கொடுத்ததற்கு மேல் எனக்குத் தெரியாது. உனக்கு அதுவும் தெரியாது. நம் ஊர்க்காரனாகப் பார்த்துப் படிக்கச் சொல்.

கவித்தேவுக்கு இன்னும் ஆள் அனுப்பு என்று மறுபடியும் ஆணை வந்தது. போனவர்களே திரும்பவில்லை, இனி யாரை அனுப்புவது? ஆண்கள் ஈட்டியை எடுத்துவிட்டார்கள். ஸ்பானியர் வருவதற்குள் ஊரே மலை ஏறிவிட்டது. மேலே வர ஒரே பாதை, சுவர் மாதிரிச் செங்குத்து. அதன் உச்சியில் பெரிய மரங்களை அடுக்கிப் பிரம்பால் கட்டி வைத்திருக்கிறோம். பிரம்பை வெட்டினால் மரம் உருண்டு கீழே போகும். அந்த வேலை பெண்களுக்கு. உன் மச்சான் தன் வெட்டுக்கத்தியை என்னிடம் கொடுத்து, "ஒன் நாக்கு அளவுக்குக் கூர் கெடயாது, ரெண்டு தடவையா வெட்டு" என்றார்.

போன வாரம் ஒரு காலையில் அவர்கள் வந்தார்கள். மூடுபனி. ஒன்றும் தெரியவில்லை. இருமக்கூடாது என்று ஊர்த் தலைவர் சொல்லியிருந்தார். அப்போது கீழே இருந்து நம் இழுப்புப் பாட்டு கேட்டது, தம்பி. "மரமே மரமே, எங்கே போறே?" பீரங்கியை இழுத்து வருகிறார்கள். ஸ்பானியனா இழுப்பான்? கவித்தேவில் இருந்து கொண்டுவந்த நம் ஆட்களை முன்னால் கட்டி இழுக்க விட்டிருக்கிறான்.

என் மாமனார் ஆயுள் முழுக்க மரம் இழுத்தவர். அந்த அடி முடிந்ததும் அவர் வாய் தானாகத் திறந்து, "கடலுக்குப் போறேன், தள்ளிவிடு" என்று பதில் பாடிவிட்டது. அவர் மட்டுமா? பாதி மலை பாடியது. நானும்தான். பழக்கம், என்ன செய்ய.

கீழே சத்தம் நின்றுபோனது. பிறகு ஒருவன் கத்தினான்: "மேல யாரு? நம்மாளுங்களா? அண்ணே, வெட்டிறாதீங்க, முன்னாடி நாங்கதான் இருக்கோம்!"

நம் குரல் வந்த பக்கமாகத் துப்பாக்கி வெடித்தது. தலைவர் வெட்டச் சொன்னார். என் கை எழவில்லை. இலாயா என் தோளைப் பிடித்து உலுக்கி, "வெட்டுங்கக்கா! புள்ளைங்க பின்னாடி நிக்குதுங்க!" என்றாள். வெட்டினேன்.

பிறகு இறங்கிப் போய்ப் பார்த்தோம். ஸ்பானியர் சிலர். மற்றவர்களெல்லாம் நம்மவர்கள். ஒருவன் குப்புறக் கிடந்தான். தோளில் உன்னுடையது போலவே கயிறு அறுத்த தழும்பு. அவனைத் திருப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. இலாயாதான் திருப்பினாள். பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நீ இல்லை.

ஜெயித்துவிட்டோம் என்று இங்கே கள் குடித்தார்கள். நானும் குடித்தேன், கேலி பேசிச் சிரித்தேன். மாமனார் மட்டும் அன்று முதல் வாயைத் திறப்பதே இல்லை. கல்யாணமான நாள் முதல் அந்த மனிதரின் வாயை மூட நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். இப்போது ஒரு வார்த்தை திட்டமாட்டாரா என்று இருக்கிறது.

இதைக் கொண்டுவரும் உப்புப் படகுக்காரர் ஒன்று சொன்னார். அடுத்த படைக்கு, இந்த மலையில் வழி தெரிந்தவர்களாகக் கவித்தேவில் பொறுக்குகிறார்களாம். இங்கேயும் உத்தரவு மாறிவிட்டது: இனி கீழே இருந்து எந்தப் பாட்டு வந்தாலும், யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வெட்ட வேண்டும். என் இடம் அதே பிரம்புதான். வேறு இடம் கேட்டேன். "ஒனக்கு மட்டுமாடி கீழ ஆளு இருக்கு?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். அவளுக்கு இரண்டு மகன்கள் அங்கே.

அதனால் வழி தெரியும் என்று வாய் திறக்காதே. வீட்டைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டுக் கிளம்பிவிடாதே. பனியில் எனக்கு முகம் தெரியாது, தம்பி.

மூத்தவள் வாழ்த்துகிறேன், கேட்டுக்கொள். உனக்குக் கடும் காய்ச்சல் வரட்டும். முழங்கால் தேங்காய் போல வீங்கட்டும். வாந்தி நிற்காமல் போகட்டும். இவன் எதற்கும் உதவமாட்டான் என்று ஸ்பானியன் உன்னை எட்டி உதைத்துக் கொட்டகையிலேயே போட்டுவிட்டு வரட்டும். பழைய தெய்வங்களும் புதுச் சாமியும் சேர்ந்து, உன்னை எழுந்து நடக்க முடியாதவனாகவே காப்பாற்றட்டும்.

உன்னை அடித்து வளர்த்த அக்கா,
அமிஹான்