தென்தீவின் தூதர்

பிப். 10, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே அப்பாவிடம் கேட்டாயிற்று. டெல்லியில் எம்.ஏ., சர்வதேச உறவுகள். அனுப்புவாரா, மாட்டாரா?

"அதைப் படிச்சு என்ன கண்ணு பண்ணுவ? அடுத்த ஊட்டுச் சண்டையைத் தீர்த்து வெக்கறதுக்கா?"

"ஆமாங்கப்பா. அதேதானுங்க."

சிரித்தார். வெள்ளிக்கிழமை கல்லூரியில் நாங்கள் நடத்தும் மாதிரி அமைதி மாநாட்டை வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறாராம். பேப்பரில் அவர் படிப்பதே போர்ச் செய்தி மட்டும்தான். போன முறை போருக்குப் பயந்து கப்பல்கள் சுற்றிப் போனதில் ஏற்றுமதி தேங்கி, நம் பனியன் கம்பெனி பாதி நாள் சும்மா கிடந்தது. இப்போது போர் நிறுத்தம். அடுத்தது எப்போதோ.

பிப். 11, புதன்

ஒத்திகை. சண்டைக்கார நாடுகள் இரண்டு: வடதீவு, தென்தீவு. நிஜ நாடுகள் வேண்டாம், வம்பு என்று கல்லூரி முதல்வர் உத்தரவு. தென்தீவின் தூதர் நான். வடதீவு பர்ஹானா. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே பெஞ்சு, முகத்தைப் பார்த்தாலே சிரிப்பு.

என்ன செய்தும் மரியாதை போக மாட்டேன் என்கிறது.

"எங்க துறைமுகத்து மேல குண்டு போட்டுட்டீங்களேங்க."

"தெரியாம போட்டுட்டோமுங்க. சாப்டீங்களா?"

வரலாற்று மேடம் மேஜையைத் தட்டினார். மதுரைக்காரர். "ஏம்ப்பா, சண்டை போடுங்கப்பா! சம்பந்தி வீட்டுல பேசுற மாதிரில்ல இருக்கு!"

வாங்க வேண்டியது: சார்ட், பசை, தொண்டைக்குப் பனங்கற்கண்டு. கொடிக்குத் துணி கம்பெனியில் கிடைக்கும்.

பிப். 13, வெள்ளி

வந்ததும் வராததுமாக எழுத உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

அரங்கம் நிறைந்துவிட்டது. அப்பா கடைசி வரிசை, தேய்த்த வெள்ளைச் சட்டை. பர்ஹானா நட்பையெல்லாம் மறந்தே போனாள். தென்தீவுப் படை மொத்தமும் வடதீவுத் துறைமுகங்களை விட்டு உடனே வெளியேற வேண்டுமாம். முடியாது என்றேன். திரும்பத் திரும்ப அதுவே. கூட்டத்தில் சலசலப்பு. அப்பா போனை எடுத்துவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு மனப்பாடம் செய்த உரை முழுக்க மறந்துபோனது. வாயில் வந்தது கம்பெனிப் பேச்சு.

"ஏனுங்க, எடுத்தவுடனே மொத்த ஆர்டரும் எதுக்குங்க? முதல்ல சாம்பிள் பாருங்க. ஒரே ஒரு துறைமுகம், ஒரு வாரம், ரெண்டு பேரும் சுடக் கூடாது. சரியா வந்தா அப்ரூவல் குடுங்க. அப்புறம் பல்க் போலாமுங்க."

அரங்கமே வெடித்துச் சிரித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். டெல்லி போச்சு!

வெளியூர் நடுவர் திருதிருவென்று விழித்தார். பர்ஹானா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அத்தாவுக்கும் என் அப்பா மாதிரி பனியன் வியாபாரம்தானே.

"சாம்பிள் ஓகேங்க. இன்ஸ்பெக்ஷன் யாரு? உங்க ஆளே பார்த்து உங்க ஆளே ஓகே சொல்லிட்டா?"

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. அப்பா எழுந்து நிற்கிறார்!

"ரெண்டு பேரோட ஆளும் வேண்டாமுங்க! வெளி ஆளைப் போடுங்க! முன்கூட்டிச் சொல்லாம வரோணும்!"

"பார்வையாளர் பேசக் கூடாது சார்," மேடம்.

"மன்னிச்சுக்கோங்க." உட்கார்ந்தார். உடனே மறுபடி எழுந்தார். "சாம்பிள் ரிஜெக்ட் ஆனா என்னன்னும் இப்பவே எழுதிக்கோங்க!"

எழுதிக்கொண்டோம். இரண்டு தீவும் கையெழுத்துப் போட்டன. பர்ஹானா கட்டிப்பிடித்ததில் என் கொடி கசங்கியது. நிஜப் போர்களும் இப்படி நின்றால்! நிற்காது, தெரியும். ஆனாலும் படிக்க வேண்டும் என்ற வெறி இரண்டு மடங்கு.

டெல்லி பற்றிக் கேட்பதற்குள் அப்பா கம்பெனிக்குக் கிளம்பிவிட்டார்.

பிப். 14, சனி

அப்பா டெல்லிப் பேச்சையே எடுக்காமல் காலையிலேயே கம்பெனிக்குப் போய்விட்டார். நானும் கேட்கவில்லை. பயம்.

மதியம் கம்பெனிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். உள்ளே நுழைந்ததும் செக்கிங் சரசக்கா: "டெல்லில பயங்கரக் குளிராமா கண்ணு? ரெண்டு ஸ்வெட்டர் வாங்கிக்கோ."

கட்டிங் மாஸ்டர்: "எப்பங்க கிளம்பறீங்க?"

என்னை இந்தியில் அக்கா என்று கூப்பிடும் பீகார் டெய்லர் ராஜேஷ் தையலை நிறுத்திவிட்டு, "தீதி, தில்லில ஆட்டோ ரேட் முதல்லயே பேசணும்" என்றார்.

கண்ணால் அப்பாவைத் தேடினேன். அப்பா துணி ரோல்களுக்குப் பின்னால், என்னைப் பார்க்காதது போல.

"ஏனுங்கப்பா, எனக்குச் சொல்லாம எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கீங்க?"

"நாளைக்கு எனக்கே பயம் வந்து வேண்டாம்னுட்டா என்ன கண்ணு பண்றது? அதான் ஊர் பூரா சொல்லி வெச்சுட்டேன்."