பாறைப் பக்கத்து ஜன்னல்

என்னங்க,

பயிற்சி வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னது பொய். நாம் சேர்ந்து போவதாக இருந்த மலை ரயிலில் தனியாக ஏறி வந்துவிட்டேன். போனில் சொல்ல வாய் வரவில்லை.

பரிசோதனைக் கூடத்தில், நான் வேலை கற்றுக்கொடுத்த பெண்ணே இப்போது எனக்கு மேலதிகாரி. அவளிடம் வாயை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வந்து உங்கள் மேல் எரிந்து விழுந்தேன். ஓய்வு பெற்ற நீங்களோ மேப்பை விரித்து, "கோபத்த விடு. ஏறும்போது இடது பக்கம் உட்காரணும், பள்ளத்தாக்கு அங்கதான் தெரியும்" என்பீர்கள். யார் குரலும் இல்லாமல் கொஞ்ச நாள் இருந்தால் போதும் என்று தோன்றிவிட்டது.

உங்கள் பேச்சைக் கேட்டு இடது பக்கமே உட்கார்ந்தேன். வழி முழுக்க வெறும் பாறை. எதிர்ப்பக்கத்துக்காரர்கள் எல்லாம் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்க பிளானோட லட்சணத்தப் பாத்தீங்களா" என்று சொல்லத் திரும்பினேன். பக்கத்தில் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

விடுதி அறை ஜன்னலில் பள்ளத்தாக்கு தெரியும் என்றார்கள்; நான் திரையை விலக்கவில்லை. இறங்கும்போதும் பாறைப் பக்கமே உட்கார்ந்து வருகிறேன். பள்ளத்தாக்கை நான் இன்னும் பார்க்கவில்லை.

திட்டு வாங்கக் காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி